ஏழாம் வரிசை பச்சையானது எப்படி?

"எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம்க்கா. ஒரு கை வேணும்."

வந்தவள் உட்காராமலே இதைச் சொன்னாள். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி வந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டான். "கைதானே? ரெண்டு தரேன். வீடு மாத்தறீங்களா, சாமான் தூக்கணுமா?"

"வலது கை," என்றாள் அவள். "முழங்கையோட."

ரேடியோவின் வாய் மூடிக்கொண்டது. ஓயாமல் பேசுவதற்காகவே அந்தப் பெயரைச் சம்பாதித்தவன் அவன். அவன் வாய் தானாக மூடிக்கொள்வது அபூர்வம்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எங்கும் நியாயம் கிடைக்காதவர்கள் கடைசியாகத் தேடி வரும் அவளை ஊரெல்லாம் 'ஊசி' என்றுதான் சொல்லும். நுழைய முடியாத இடத்தில் நுழைவாள், நுழைந்த தடம் தெரியாமல் வெளியே வருவாள். "உட்காரும்மா. முதல்ல யார் கை போச்சு, எப்படிப் போச்சுன்னு சொல்லு. அப்புறம் யார் கைய எடுக்கறதுன்னு பாக்கலாம்."

தையல்காரி சொன்னாள்.

அவள் கணவன் பிஸ்கட் ஆலையில் இயந்திரப் பழுது பார்க்கும் பிட்டர். மாவு பிசையும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடத்தில், ஏழாவது இயந்திரம் அவன் பொறுப்பு. அது பொல்லாத இயந்திரம். சும்மா நிற்பது போல நிற்கும். நேரம் வந்தால் தானே சுழலும். அதனால் உள்ளே கைவிடும் முன்பு இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். மின்சார அறையில் மெயினை நிறுத்த வேண்டும். இயந்திரத்து மூடியின் சாவியைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட வேண்டும். இரண்டும் உடனுக்குடன் கம்ப்யூட்டர் ஷீட்டில் ஏறும். கூடத்துச் சுவரில் 'பலகை' என்று சொல்லும் பெரிய திரை; அதில் இயந்திரத்துக்கு ஒரு வரிசை. இரண்டும் சரியாக இருந்தால் வரிசை பச்சையாகும். பச்சை என்றால் கை வைக்கலாம்.

"அன்னிக்குப் பச்சையப் பாத்துட்டுத்தான் கை விட்டாருக்கா. சாவியத் தொங்கவிட்டாரு. மெயின நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிட்டு வந்து பாத்தா, வரிசை பச்சையா இருந்திருக்கு. நிறுத்திட்டாங்கன்னு நம்பிட்டாரு." அவள் குரல் உடையவில்லை. அதுதான் கேட்பவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஆனா இவங்க எழுதியிருக்கறதப் பாருங்க."

ஆலையின் அறிக்கை. பாதுகாப்பு அதிகாரி கையெழுத்து. வரிசை பச்சையாகவே இல்லை, பிட்டர் சாவியைத் தொங்கவிடவில்லை, சாவி அவர் காலடியில் கிடந்தது, முழுத் தவறும் அவருடையதே. வேலையும் போயிற்று.

"அந்த ஷீட்டத் திறந்து மாத்தற பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு?" என்றாள் ஊசி.

"ரெண்டு பேர்கிட்ட. ஒருத்தர் பாதுகாப்பு அதிகாரி. ஆஃபீஸ் ரூம்ல உக்காந்திருந்தாலும் ஹெல்மெட்டக் கழட்ட மாட்டாரு, அதனால ஹெல்மெட்னே பேரு. பாவம், ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிட்டு வந்தாரு. இன்னொருத்தன் சூப்பர்வைசர், விசில். எப்பப் பாரு ஊதிக்கிட்டே இருப்பான். அவனுக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. 'உன்ன ஒரு நாள் வெளிய அனுப்பறேன் பாரு'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னவன்." அவள் டேப்பைச் சுருட்டினாள், இறுக்கிச் சுருட்டினாள். "எனக்கு ஆள் யாருன்னு தெரியும். ஆதாரம்தான் இல்ல. நீங்க அவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறதுன்னா?" என்றான் ரேடியோ.

"என் கத்தரிக்கோல் சாக்குத் துணியவே வெட்டும் தம்பி."

ஊசி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுது தீர்த்த கண் இல்லை அது. அழுகையைத் தள்ளி வைத்திருந்த கண்.

"வரேன்," என்றாள்.

* * *

ஆலை முதலாளிக்கு வழக்கு என்றால் பயம். "என்ன வேணும்னாலும் பாருங்க, சீக்கிரம் பாருங்க," என்று பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டார். காலை வேலை நேரம். கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஊசி, பக்கத்தில் ரேடியோ, அவன் தோளுக்கு மேலே தையல்காரி. வெளியே மாவு வாசனையும் இயந்திர இரைச்சலும்.

ஷீட் எளிமையாக இருந்தது. இயந்திரத்தின் எண், மெயின், சாவி. மூன்றே பத்திகள்.

"கலர் எங்கேருந்து வருது பாஸ்? யாராவது உக்காந்து பெயின்ட் அடிக்கறாங்களா?"

"கலருக்குப் பின்னாடி ஒரு ஃபார்முலா ஒளிஞ்சிருக்கும். இந்தா பாரு." ஊசி திரையில் ஒரு சின்னச் சன்னலைத் திறந்தாள். "மெயின் நிறுத்தம், சாவி பெட்டியில. இந்த ரெண்டுக்கும் முன்னாடி 'அண்ட்'னு ஒரு வார்த்தை நிக்குது பாரு, அதுதான் வாட்ச்மேன். ரெண்டும் உண்மையா இருந்தாத்தான் கதவத் திறப்பான். அவன எடுத்துட்டு அந்த எடத்துல 'ஆர்'னு ஒருத்தன நிறுத்தினா?"

"ரெண்டுல ஒண்ணு இருந்தாப் போதும், உள்ள விட்டுடுவான்."

"அதான்."

தையல்காரி குனிந்து பார்த்தாள். "ஆனா இங்க 'அண்ட்'னுதானே இருக்கு?"

அப்படித்தான் இருந்தது. எல்லா வரிசைக்கும் சரியாக, ஒழுங்காக, நல்ல பிள்ளை மாதிரி. ரேடியோ உதட்டைப் பிதுக்கினான். "ஆச்சு பாஸ். வாங்க, வெளிய போய் டீ சாப்பிட்டுட்டு, தெரியாதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம்."

ஊசி நகரவில்லை. "ஒரே ஃபார்முலா எதுக்குடா ரெண்டு தடவ எழுதியிருக்கு?"

சன்னலில் இரண்டு விதிகள் இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். முதல் விதிக்குப் பக்கத்தில், அது எந்தெந்த வரிசைக்கு என்று இருந்தது: ஒன்று முதல் ஆறு வரை, பிறகு எட்டு முதல் கடைசி வரை. இரண்டாவது விதி ஏழுக்கு மட்டும்.

தையல்காரிதான் முதலில் மூச்சை இழுத்தாள். "வெட்டித் தச்சிருக்காங்க!"

"சொல்லும்மா."

"முழுத் துணியா இருந்தா நடுவுல தையல் எதுக்கு? நடுவுல ஒரு துண்ட வெட்டி எடுத்துட்டு, வேற துணிய வச்சுத் தச்சு, அப்புறம் பயந்து போய் அதே துணியத் திருப்பி வச்சாலும் தையல் போகாதுக்கா. தழும்பு நிக்கும்."

"நிக்குது," என்றாள் ஊசி. "ஏழாவத மட்டும் வெட்டி எடுத்து 'ஆர்' போட்டிருக்கான். சாவி தொங்கினதுமே வரிசை பச்சையாயிடுச்சு, மெயின் ஓடிட்டிருக்கும்போதே. காரியம் முடிஞ்சதும் 'அண்ட்'னு திருத்திட்டான். ஆனா தனி விதி தனியாவே நின்னுடுச்சு."

"வேலை சீக்கிரம் நடக்கணும்னு விசில் மாத்தியிருக்கலாமே பாஸ்? அவருக்குத்தான் எப்பவும் அவசரம்."

"அவசரக்காரன் எல்லா வரிசையையும் மாத்துவான். ஒரே ஒரு வரிசைய மாத்தினவனுக்கு அவசரம் இல்லடா. குறி." ஊசி திரும்பினாள். "ஏழாவது இயந்திரத்துல கை வைக்கறது யாரு?"

"என் வீட்டுக்காரர் மட்டும்," என்றாள் தையல்காரி. அவள் விரல்கள் கழுத்து டேப்பில் ஏறி இறங்கின. "விசில்தான். வேற யாருக்கு அவர் மேல இவ்ளோ குரோதம்?"

விசில் கூடத்து வாசலிலேயே மாட்டினார். கட்டை குட்டையான மனிதர், கழுத்தில் விசில், பேச்சில் பாதி ஊதல். "அந்த ஆள் போனது எனக்கு நிம்மதி மேடம். ஒளிச்சுப் பேசற பழக்கம் எனக்கு இல்ல. எதிர்த்துப் பேசுவான். ஆனா கை போகணும்னு நான் நினைக்கல."

"என்ன போகணும்னு நினைச்சீங்க?" என்றான் ரேடியோ.

"வாய்!"

"அப்ப நானும் ஜாக்கிரதையா இருக்கணும்."

ஹெல்மெட் வேறு மாதிரி. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், தையல்காரியிடம் "எப்படி இருக்காரும்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "அறிக்கை எழுத எனக்கே மனசு வரல. ஆனா பலகை பொய் சொல்லாது. பச்சைன்னா ரெண்டும் சரியா இருக்கும், இல்லன்னா பச்சையே வராது. நானே செஞ்ச பலகை. பிட்டர் வேலையே சாபக்கேடும்மா. அவருக்கு முன்னாடி அந்த வேலையில இருந்தது என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். அவருக்கும் நிலைக்கல."

"பலகை பொய் சொல்லாது," என்று ஊசி திருப்பிச் சொன்னாள். "அத ரெண்டு பேரும் முதலாளி முன்னாடி செஞ்சு காட்டிடுங்களேன் சார். பச்சையப் பாத்து ஏழாவது இயந்திரத்துல கைய விட்டுட்டு எடுங்க. அதோட இவங்க வழக்கே போட மாட்டாங்க."

தையல்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேசைக்கடியில் ஊசி அவள் காலை மிதித்தாள்.

* * *

சாப்பாட்டு இடைவேளை. கூடம் காலியாக இருந்தது. இயந்திரங்களுக்கு மின்சாரம் நிற்கவில்லை; சுழலாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

இயந்திரத்தை ஓட்டும் பொத்தான்கள் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தன. ஊசி தையல்காரியை அதற்குள் நிறுத்தினாள். "இங்கேருந்து ரெண்டு பேர் முகமும் நல்லாத் தெரியும். பாத்துட்டு இரு. எதையும் தொடாதே."

"தொட மாட்டேன்," என்றாள் அவள். சீக்கிரமாகவே சொன்னாள்.

"ரேடியோ, நான் கை கழுவிட்டு வந்துடறேன்."

திரும்பி வந்தபோது ஊசியின் விரல்களில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்தது. ரேடியோ பார்த்துவிட்டான். "கை கழுவினா அழுக்குப் போகும்னு கேள்விப்பட்டிருக்கேன் பாஸ். வர்றத இப்பத்தான் பாக்கறேன்."

"வாய மூடிக்கிட்டுப் பலகையப் பாரு."

சுவர்த் திரையில் ஏழாம் வரிசை பச்சையாக ஒளிர்ந்தது. சாவி கண்ணாடிப் பெட்டியில் தொங்கியது. மெயின் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குச் சாட்சியாக ஒரு சிவப்பு விளக்கு தூணுக்குப் பின்னால் எரிந்தது. கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தால் ஒழியக் கண்ணில் படாது. அன்றைக்குப் பிட்டர் பார்த்ததும் இதே காட்சிதான். காலையில் ஊசியே அந்த விதிக்குள் புகுந்து 'அண்ட்' என்பதை 'ஆர்' ஆக்கியிருந்தாள்.

முதலாளி ஓரமாக நின்று நெற்றியைத் துடைத்தார்.

"முதல்ல நீங்க சார்," என்றாள் ஊசி விசிலிடம்.

விசில் பலகையைப் பார்த்தார். பச்சை. அப்புறம் ஒரு நொடி சாவிப் பெட்டியைப் பார்த்தார். சாவி இருந்தது. "பச்சைன்னா பச்சைதான். இதுக்கு ஒரு கூட்டமா?" சட்டைக் கையை ஏற்றி, இயந்திரத்தின் வாய்க்குள் முழங்கை வரை விட்டார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.

ரேடியோ திரும்பினான். தையல்காரி அசையாமல் நின்றிருந்தாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது. விசில் கையை எடுத்து, ஒட்டிய மாவை உதறினார். "ஆச்சா?"

"ஆச்சு சார். இப்ப நீங்க."

ஹெல்மெட் முன்னால் வந்தார். பலகையைப் பார்த்துத் தலையசைத்தார். நிதானமாகச் சட்டைக் கையை மடித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. இயந்திரத்தின் விளிம்பு வரை கை போயிற்று. சாவிப் பெட்டியின் பக்கம் அவர் கண் போகவேயில்லை. உடம்பைச் சாய்த்து, கழுத்தைத் திருப்பி, தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

கை பின்னால் வந்தது.

"ஏன் சார்? பச்சைதானே?"

"மெயின் ஓடுது. விளக்கு எரியுது பாருங்க."

"மெயின் ஓடினாப் பச்சை வராதே. நீங்கதானே சொன்னீங்க, பலகை பொய் சொல்லாதுன்னு."

"சாவி தொங்குதே! அது ஒண்ணு போதுமே அது பச்சையா…"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க சார்," என்றான் ரேடியோ. "நல்லாப் போயிட்டிருந்துது."

ஊசி அவர் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "விசில் சார் சாவியப் பாத்தாரு. ஏன்னா அவர் உங்க அறிக்கைய நம்பினவரு. சாவி இல்லாததாலதான் கை போச்சுன்னு நம்பறவன் சாவியத்தான் பாப்பான். நீங்க உங்க அறிக்கையவே நம்பல. சாவி அன்னிக்குத் தொங்குச்சு, குறை மெயின்லதான்னு உங்களுக்குத் தெரியும். 'ஒண்ணு போதும்'னு அந்த வரிசைய நான் காலையில மாத்தினேன். அது எனக்கும் ரேடியோவுக்கும் இந்தம்மாவுக்கும்தான் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹெல்மெட் சாவிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் பிட்டரத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடினப்ப, நீங்க ஒருத்தர்தான் சாவிப் பெட்டிக்கு ஓடியிருக்கீங்க. சாவிய எடுத்துக் காலடியில போட்டுட்டு, உள்ள போய் ஃபார்முலாவத் திருத்தினீங்க. தையல மட்டும் பிரிக்க மறந்துட்டீங்க."

முதலாளி போனை எடுத்துக்கொண்டு விலகிப் போனார். போலீசுக்குத்தான். ஹெல்மெட் அதைப் பார்த்தார். அப்புறம் மறைக்க ஒன்றும் இல்லை என்பது போலத் தலைக் கவசத்தைக் கழற்றினார். உள்ளே பாதி வழுக்கை. யாரும் பார்த்திராத தலை.

"என் மச்சான் குடிச்சுட்டு வேலைக்கு வந்தாருன்னு போட்டுக் குடுத்தது அந்தப் பிட்டர்தான். வேலை போச்சு. என் தங்கச்சி தெனம் எங்க வீட்டுல வந்து உக்காந்து அழுதா. 'உன் கண்ணு முன்னாடி அவன் நடமாடறானே அண்ணா'ன்னு கேட்டா." அவர் தன் கையையே பார்த்தார். "விரல் நசுங்கும்னுதான் நெனச்சேன். பாடமா இருக்கட்டும்னு."

"பாடம்," என்று ஒரு குரல் கேட்டது.

தையல்காரி கூண்டை விட்டு வெளியே வந்திருந்தாள். ஆனால் அவர் பக்கம் போகவில்லை. நேராக ஊசியிடம் வந்தாள்.

"நான் அழுத்திட்டேன்க்கா."

"தெரியும்."

"அந்த ஆள் கை உள்ள இருந்தப்ப. விசில் கை. இவன்தான், இவன்தான்னு… ஓடற பொத்தான அழுத்திட்டேன்."

விசில் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். கழுத்தில் விசில் தொங்கியது. ஊத மூச்சு வரவில்லை.

"சார், விரல ஒரு தடவ எண்ணிப் பாத்துடுங்க," என்றான் ரேடியோ. ஆனால் அவன் குரலிலும் சிரிப்பு இல்லை.

"ஏன் ஓடல?" என்றாள் தையல்காரி.

ஊசி எண்ணெய்க் கறை படிந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் ஏழாவது இயந்திரத்தின் ஃப்யூஸ். "உன் கோபம் உண்மைம்மா. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா ஆளும் சரியா இருக்கணும். உன்கிட்ட ஒண்ணுதான் இருந்துது. அத வச்சே நீ பச்சையாயிட்ட."



தையல்காரி ஃப்யூஸைப் பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். அவர் சட்டைக் கை இன்னும் மடித்தபடியே இருந்தது.

"இப்ப?" என்றாள். "கோபமும் உண்மை. ஆளும் சரி. ரெண்டும் ஆயிடுச்சுல்லக்கா?" கையை நீட்டினாள். "குடுங்க."

ரேடியோ ஒரு அடி முன்னால் வைத்தான். ஊசி அவனைக் கண்ணால் நிறுத்தினாள். எத்தனையோ பூட்டுகளைத் திறந்தவளுக்கு, அந்த முகத்தைத் திறந்து உள்ளே பார்க்கத் தெரியவில்லை. பிறகு ஃப்யூஸை அந்தக் கையில் வைத்தாள்.

தையல்காரி விரல்களை மூடிக்கொண்டு ஹெல்மெட்டிடம் போனாள்.

"கைய நீட்டு."

அவர் பின்வாங்கினார். முதுகு இயந்திரத்தில் இடித்தது.

"வலது கை."

நீட்டினார். வேறு வழியில்லாமல் நீட்டினார். அவள் அதைப் பிடித்தாள், துணி வெட்டும் முன்பு அளவு பார்ப்பது போல மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஃப்யூஸை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.

"இத நான் இயந்திரத்துல திருப்பி மாட்டாததாலதான் இந்த விரலெல்லாம் இருக்கு. நீ வச்சுக்கோ. சாப்பிட உக்காரும்போதெல்லாம் இந்தக் கையப் பாரு. என் வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் நான்தான் போட்டு விடறேன்னு நெனச்சுக்கோ. ஒரு வேளை கூட விடாம நெனச்சுக்கோ."

விடுவித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். விசிலைத் தாண்டும்போது மட்டும் நின்றாள். அவர் காலைத் தொடுவது போலக் குனிந்தாள். அவர் பதறி விலகி, "போம்மா, போ," என்றார்.

ஹெல்மெட்டைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் இடது கையால் பிடித்துக்கொண்டார். வலது கை மூடியே இருந்தது.